கவர் கேட்ட டி.டி.ஆர்.

ரயிலே வராத தெருவில் டிக்கெட் பரிசோதனை நடத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். எங்கள் தெருவில் எல்லாரும் அவரை டி.டி.ஆர். என்றுதான் சொல்வோம். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். சிலிண்டர் போடுகிறவருக்கும் தபால்காரருக்கும் அது தெரிந்திருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது மட்டும் தெரியும். அதை அவர் சொல்லவே வேண்டாம். நடையே சொல்லும்.

அடையாறில் எங்கள் தெரு ஒன்றும் நீளமானதில்லை. ஒரு முனையில் இளநீர் வண்டி, இன்னொரு முனையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி. நடுவில் தூங்குமூஞ்சி மரங்கள். கொரோனாவுக்குப் பயந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது பொழுது போகாமல் ஆளுக்கொரு நாய் வாங்கினோம். ஊரடங்கு முடிந்தது. ஆபீஸ்கள் திறந்தன. பிள்ளைகள் வெளியூர் போனார்கள். நாய்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

எங்கள் வீட்டு நாய் பிஸ்தா. லாப்ரடார். என் மகள் மூன்று நாள் சாப்பிடாமல் அடம்பிடித்து வாங்கியது. மகள் இப்போது புனேயில் வேலை பார்க்கிறாள். கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு முழங்கால் வலியோடு வீடு திரும்புகிற ஐம்பத்திரண்டு வயதுக்காரியான என் தலையில் பிஸ்தாவின் காலை நடை விழுந்தது. நான் பிஸ்தாவைக் கூட்டிப்போகிறேன் என்று சொல்வது வெறும் மரியாதைக்கு. அதுதான் என்னைக் கூட்டிப்போகும்.

நாயோடு நடப்பவர்களுக்கு என்று ஒரு முகம் உண்டு. நாய் இடம் தேடிச் சுற்றும்வரை நாயைப் பார்த்துக்கொண்டிருப்போம். அது குந்தியதும் நமக்குத் திடீரென்று மரத்தின் மேல் ஆர்வம் வந்துவிடும். கிளையைப் பார்ப்போம், காக்கையைப் பார்ப்போம், போனை எடுத்து வராத செய்தியைப் படிப்போம். நாய் எழுந்ததும் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காததுபோல் மேலே நடப்போம். பிறகு பின்னால் துடைப்பத்தோடு தெருக் கூட்டும் தேசம்மா வருவார். அது எங்கள் கணக்கில் சேராத விஷயமாக இருந்தது.

அப்படி நான் ஒரு காக்கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்த காலையில்தான் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"கவர் ப்ளீஸ்."

திரும்பினேன். வெள்ளை முழுக்கைச் சட்டை, இஸ்திரி போட்ட பேன்ட், பளபளவென்று ஷூ. கறுப்புக் கோட்டு போட்டிருக்கவில்லை. ஆனால் போட்டிருப்பவர்போல நின்றார். கையில் கிளிப் வைத்த அட்டை, அதில் ஒரு நீளத் தாள். சட்டைப் பையில் இரண்டு பேனா. பிஸ்தாவிடமிருந்து பத்தடி தள்ளி நின்றிருந்தார்.

"என்ன கவர் சார்?"

"நாய் வச்சிருக்கீங்கல்ல. கவர் வச்சிருக்கணும். காட்டுங்க."

"அது... எடுக்க மறந்துட்டேன்."

அவர் கோபப்படவில்லை. முப்பத்தாறு வருஷம் கேட்ட பதில் அது. பெருமூச்சு விட்டார்.

"கவுன்ட்டர்ல கூட்டமா இருந்துச்சு, அவசரத்துல ஏறிட்டேன், வீட்டுக்காரர் பின்னால எடுத்துட்டு வர்றார். எல்லாம் கேட்டாச்சு மேடம். அவங்க பேர் என்ன?"

"யாரு பேரு?"

பேனாவால் பிஸ்தாவைக் காட்டினார்.

"பிஸ்தா."

"வயசு?"

"மூணு."

எழுதினார். எட்டிப் பார்த்தேன். பிஸ்தா, பெண், 3. அதற்கு எதிரே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பிறகு தோளில் மாட்டியிருந்த ஜோல்னாப் பையிலிருந்து நான்காக மடித்த பழைய நியூஸ் பேப்பரையும் ஒரு காகிதப் பையையும் எடுத்து, கையை முடிந்தவரை நீட்டி என்னிடம் கொடுத்தார். நான் வாங்கும்வரை பிஸ்தாவின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாய் என்றால் அவருக்கு அவ்வளவு பயம்.

"இன்னிக்கு நான் தர்றேன். நாளைக்கு நீங்க கொண்டுவரணும். எடுங்க."

குனிந்து எடுத்தேன். என் சொந்த நாய்தான். ஆனாலும் காகிதத்தைத் தாண்டி உள்ளங்கையில் அந்தச் சூடு பட்டபோது உடம்பு கூசியது. மூன்று வருஷமாக இந்தச் சூடு வேறு யாரோ ஒருவர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. காலை வேளையில் இந்தக் கிழவரிடம் வந்து மாட்டினோமே என்றுதான் தோன்றியது.

அதற்குப் பிறகு எங்கள் தெரு நாய்க்காரர்களின் வாழ்க்கையே மாறிப்போனது. ஆறு மணிக்கு வந்தவர்கள் ஐந்தரைக்கு வந்தார்கள். அவர் ஐந்தேகாலுக்கு வந்தார். நாங்கள் பின்தெருவுக்குப் போனோம். அவர் பின்தெரு முனையில், இஸ்திரி வண்டிக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டார். எந்த நாளில் எங்கே ஏறுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓடுகிற வண்டியில் ஒளிந்தவர்களையே கழிவறைக் கதவைத் தட்டி வெளியே எடுத்த மனிதருக்கு, தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஒளிந்த நாங்கள் எம்மாத்திரம்?

எதிர் வீட்டில் ஒரு மாமி உண்டு. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். அவருடைய பொமரேனியனுக்கு ஜிம்மி என்று பெயர். மாமி ஒரு உபாயம் கண்டுபிடித்தார். டி.டி.ஆர். நிற்கும் இடம்வரை ஜிம்மியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், அவரைத் தாண்டியதும் இறக்கிவிடுவது.

"இது நடக்கவே இல்லையே சார். நான்னா தூக்கிண்டு போறேன். எனக்கெதுக்கு கவர்?"

டி.டி.ஆர். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தைன்னா டிக்கெட் வேண்டாம் மேடம். நாய்க்கு அந்தச் சலுகை இல்ல."

நான் வேறு வழி எடுத்தேன். ஒரு நல்ல காகிதப் பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவர் கேட்டால் உடனே காட்டுவேன். அவர் தலையசைப்பார். அவர் நகர்ந்ததும் பிஸ்தா குந்தும், நான் காக்கையைப் பார்ப்பேன். பையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து செருப்பு அலமாரி மேல் வைத்துவிடுவேன். சீசன் டிக்கெட் மாதிரி ஒரு வாரம் நன்றாக ஓடியது.

எட்டாம் நாள் அவர் பையை வாங்கிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பழைய இரும்பு பஞ்ச் ஒன்றை எடுத்தார். ரயிலில் அந்தக் காலத்தில் டிக்கெட்டில் ஓட்டை போடுவார்களே, அதேதான். என் பையின் அடியில் டக்கென்று ஒரு ஓட்டை போட்டார்.

"சார், இதுல இனிமே எதைப் போட்டாலும் விழுந்துடுமே!"

"பேப்பர்ல சுத்திப் போட்டா இன்னிக்கு ஒரு நாள் தாங்கும். நாளைக்குப் புதுசு எடுத்துட்டு வாங்க. ஒரு வாரமா ஒரே கவர் மேடம். மூலைல காபிக் கறை இருக்கு."

கணக்கு டீச்சரான எனக்கு அன்று வகுப்பில் யார் முகத்தையும் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டே மாதத்தில் தெரு மாறிவிட்டது. பள்ளிக்கூட வேனுக்குப் போகும் குழந்தைகள் தரையைப் பார்த்துத் தாண்டித் தாண்டிக் குதிப்பது நின்றது. நாங்களும் திட்டிக்கொண்டே எடுத்தோம், திட்டிக்கொண்டே பழகினோம். அவர் தாளில் சிவப்பு மை குறைந்தது. அத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் சிரிப்புக் கதையாகவே இருந்திருக்கும்.

எங்கள் அடுக்குமாடியின் செகரட்டரியிடம் ஒரு ராட்வைலர் இருந்தது. பெயர் கிங். செகரட்டரி பெரிய இடத்து மனிதர். லிஃப்டில் நாயை ஏற்றலாமா கூடாதா என்பதிலிருந்து மாடியில் வடாம் காய வைக்கலாமா என்பதுவரை எல்லாம் அவர் சொல்படிதான். கிங்கைக் காலையில் வேலைக்காரர்தான் கூட்டிப்போவார். அந்த ஆள் ஊருக்குப் போயிருந்த ஒரு காலையில் செகரட்டரியே அரை டிராயரோடு வந்தார். நானும் பிஸ்தாவும் நாலு வீடு தள்ளி வந்துகொண்டிருந்தோம். மாமி ஜிம்மியோடு வாசலில் நின்றிருந்தார்.

கிங் நடுத்தெருவிலேயே உட்கார்ந்து எழுந்தது. டி.டி.ஆர். வந்தார். அவ்வளவு பெரிய நாய்க்கு அவர் இருபதடி தள்ளித்தான் நின்றார்.

"கவர் ப்ளீஸ்."

"யோவ், நீதானா அது? ரோடு என்ன உன் அப்பன் வீட்டு ரோடா? நாங்க டாக்ஸ் கட்டறோம். இதுக்குத்தான் ஆள் போட்டிருக்காங்க." செகரட்டரி திரும்பி, குப்பை வண்டிக்குப் பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த தேசம்மாவைக் கூப்பிட்டார். "ஏம்மா, இங்க வா. இதை எடு."

தேசம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்பு ஆற்றோரத்தில் குடியிருந்தவர். அங்கிருந்த வீடுகளை எடுத்தபோது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து எங்கள் தெருவுக்கு வருவார். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

"அவங்க எடுக்க மாட்டாங்க," என்றார் டி.டி.ஆர்.

"உடு சார். நான் எட்த்துடறேன். காலங்காத்தால இன்னாத்துக்கு ரோதனை?"

தேசம்மா குனிந்தார். டி.டி.ஆர். குறுக்கே வந்துவிட்டார். இருபதடியை எப்படிக் கடந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கிங்கின் மூச்சு அவர் பேன்ட்டில் படுகிற தூரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார். பேப்பரை விரித்து, அள்ளி, மடித்து, காகிதப் பையில் போட்டு, வாயைச் சுருட்டி எழுந்தார். செகரட்டரியிடம் நீட்டினார்.

"உங்க லக்கேஜ் சார்."

செகரட்டரி வாங்கவில்லை. அப்படியே நின்றார். டி.டி.ஆர். ஒரு நிமிஷம் காத்திருந்தார். பிறகு எங்கள் அடுக்குமாடி வாசலுக்கு நடந்து போய், காவலாளியின் மேஜைமேல் அந்தப் பையை வைத்தார். தாளில் ஒரு துண்டு கிழித்து 'உரிமையாளர் வந்து பெற்றுக்கொள்வார்' என்று எழுதிச் செருகினார். ரயிலில் யாராவது மறந்து விட்டுப்போன சாமான்களை அப்படித்தான் ஒப்படைப்பார்களாம்.

காவலாளி சிரித்துவிட்டார். தெருவில் இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் விவகாரத்தைப் பெரிதாக்கியது.

மத்தியானத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனில் புகார் போய்விட்டது. தினமும் வழிமறித்துத் தொல்லை கொடுக்கிறார், அசிங்கத்தை வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டார், பொது இடத்தில் அவமானப்படுத்தினார் என்று. டி.டி.ஆரைச் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார்கள்.

நாலு மணிக்கு என் வீட்டு மணி அடித்தது. டி.டி.ஆர். நின்றிருந்தார். அப்போதும் பிஸ்தா வெளியே வருகிறதா என்று உள்ளே ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"மேடம், நீங்க பாத்தீங்க. ஸ்டேஷனுக்கு வந்து என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

நான் என்ன சொன்னேன் என்பதை இந்தப் பத்தியில் எழுதாமல் விட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தேன். எழுதத்தான் வேண்டும்.

"எனக்கு பேப்பர் கரெக்ஷன் இருக்கு சார். நாளைக்குக் கொடுக்கணும்."

அன்று திருத்த ஒரு பேப்பரும் இல்லை. செகரட்டரியோடு ஒரே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும், நாளைக்கே பிஸ்தாவை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினால் நாலு மாடி நான் எப்படி ஏறுவேன் என்பதுதான் என் மனசில் ஓடியது. டி.டி.ஆர். என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்கிறவர்களின் முகத்தை அவர் எத்தனை பார்த்திருப்பார்.

"சரி மேடம். வேலையைப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மாமி வீட்டிலும் மணி அடித்தாராம். கதவு திறக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் தெருவில் இல்லை. தேசம்மாதான் இருந்தார். பெருக்குவதை நிறுத்தாமல் பேசினார்.

"நேத்து நான் போனேம்மா அவர் கூட. வேலை முட்ச்சி வூட்டுக்குக் கூடப் போகல. இன்ஸ்பெக்டர் கைல நான் சொன்னேன், இவர் ஒரு தப்பும் பண்ல, என் கைல எடுக்க வச்சிடக் கூடாதுன்னு அவரே எட்த்தாருன்னு. நீ எங்கம்மா போய்ட்ட? நீயும்தானே பாத்துக்கினு இருந்த?"

பிஸ்தாவின் பெல்ட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"அவரு எழுதிக் குட்த்துட்டாரு. இனிமே யாரையும் தெருவுல நிறுத்த மாட்டேன், கேக்க மாட்டேன்னு. கையெழுத்து போட்டாரு."

அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. ஒரு வாரம் பழைய பழக்கத்தில் எல்லாரும் எடுத்தார்கள். இரண்டாம் வாரம் பாதிப் பேர் எடுத்தார்கள். மூன்றாம் வாரம் மழை பெய்தது, மழையைச் சாக்கு வைத்து எல்லாரும் விட்டுவிட்டார்கள். குழந்தைகள் மறுபடி தாண்டிக் குதித்தார்கள். நான் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல புத்தியால் அல்ல, தேசம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து.

ஒரு நாள் தேசம்மா தெருக் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். மழையில் ஊறிப்போனது, துடைப்பத்துக்கு வராமல் கையால் வழிக்க வேண்டியிருந்ததாம். நான் வீட்டிலிருந்து ஒரு சோப்பு கொண்டுவந்து கொடுத்தேன்.

"எவ்ளோ தேச்சாலும் நாத்தம் கீதும்மா," என்றார் சாதாரணமாக. "மத்தியானம் பஸ்ல குந்துனா, பக்கத்துல கீறவங்க எழுந்து வேற எடம் போய்டுவாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எழுந்து போய்டுவாங்க, அவ்ளோதான். நான் இப்பல்லாம் நின்னுக்கினே போயிடறது."

அன்று சாயங்காலம் டி.டி.ஆர். வீட்டுக்குப் போனேன். தெருவின் நடுவில் பழைய இரண்டு மாடி வீட்டின் மேல் பகுதி. அவர் மனைவி கதவைத் திறந்தார். "உள்ள வாங்க. நாலு வாரமா வீட்டுக்குள்ளயே நடக்கறார். எனக்கும் வேலைக்காரிக்கும்தான் இப்ப செக்கிங்," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அவர் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்பு கேட்டேன். பேப்பர் கரெக்ஷன் இல்லை என்பதையும் சொன்னேன்.

"தெரியும் மேடம்," என்றார். "பரவால்ல. நீங்க வந்திருந்தாலும் நான் கையெழுத்து போட்டிருப்பேன். தேசம்மாவோட சூப்பர்வைசரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருக்கும்னு சொன்னாங்க. அந்தம்மா வேலைக்குப் பிரச்சினை வரும். அப்புறம் நான் என்ன பேசறது?"

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். எதற்காக இதை ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். அவர் தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

"வண்டி விடியக்காலைல ஏதாவது ஸ்டேஷன்ல நிக்கும். நிக்கும்போது கழிவறைக்குப் போகாதீங்கன்னு கதவுலயே எழுதியிருக்கும். நின்னப்புறம்தான் எல்லாரும் போவாங்க. ஆட்டம் இருக்காதுல்ல. அப்பல்லாம் எல்லாம் நேரா தண்டவாளத்துலதான் விழும். வண்டி கிளம்பினதும் ரெண்டு மூணு பொம்பளைங்க வாளியும் துடைப்பமுமா கீழ இறங்குவாங்க. நான் டியூட்டி முடிஞ்சு கோட்டோட பிளாட்பாரத்துல நின்னு காபி குடிச்சிட்டு இருப்பேன். ஒரு நாள் ஒரு அம்மா கீழேர்ந்து என்னைப் பாத்துக் கேட்டுச்சு. 'சார், டிக்கெட் எடுக்காதவனை எறக்கி விடறீங்க. இவங்களை ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது என் டியூட்டி இல்லம்மான்னு சொன்னேன்."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"நெஜமாவே என் டியூட்டி இல்ல மேடம். பொய் சொல்லல."

நான் காபியைக் குடித்து முடித்து எழுந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடிக் கூட்டம், கார் நிறுத்துமிடத்தில். தண்ணீர் லாரி, ஜெனரேட்டர், தீபாவளி விளக்கு என்று பேசி முடித்தார்கள். செகரட்டரி, "வேற ஏதாவது?" என்றார். நான் எழுந்தேன். இத்தனை வருஷம் அறுபது பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்துகிறவள், அன்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன். கிங் உட்கார்ந்ததிலிருந்து, மேஜைமேல் பை வைத்தது வரை, நான் பார்த்ததைச் சொன்னேன். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டபோது பொய் சொல்லி வீட்டில் இருந்துகொண்டதையும் சொன்னேன். பஸ்ஸில் தேசம்மா உட்காருவதில்லை என்பதையும் சொன்னேன்.

"முடிஞ்சுபோன விஷயத்தை எதுக்கு மேடம் கிளறுறீங்க?" என்றார் செகரட்டரி.

அந்தக் கூட்டத்தில் உறுப்பினரே அல்லாத எதிர் வீட்டு மாமி, பேச்சுச் சத்தம் கேட்டு வாசல் கேட் அருகே வந்து நின்றிருந்தவர், உள்ளே வந்துவிட்டார்.

"நானும் பார்த்தேன். என் ஆத்துக் கதவைத் தட்டினார் அவர். நான் லைட்டை அணைச்சுண்டு உள்ள உக்காந்துண்டிருந்தேன். எழுபது வயசுல ஒருத்தர் அதை மண்டி போட்டு அள்ளினார். நமக்கெல்லாம் வெக்கமா இல்லையா?"

ஒருவர் பின் ஒருவராக, நாய் இல்லாதவர்கள்தான் முதலில், தலையை ஆட்டினார்கள். வாசலில் ஒரு பெட்டியில் பழைய பேப்பரும் பையும் வைப்பது, எடுக்காதவர் நாயைத் தெருவுக்குக் கூட்டிவரக் கூடாது என்று தீர்மானமானது. எடுத்ததைப் போட மூடி போட்ட தொட்டி ஒன்றும் வைத்தார்கள். செகரட்டரியும் கையெழுத்துப் போட்டார். அவர் கையால் எடுத்து நான் இதுவரை பார்த்ததில்லை. அவர் மனைவி வருகிறார், எடுக்கிறார். அந்த அம்மா வீட்டில் சண்டை போட்ட பிறகுதான் செகரட்டரி போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகக் காவலாளி சொன்னார்.

டி.டி.ஆர். மறுபடி காலையில் தெருவுக்கு வந்தார். கையில் அட்டை இல்லை, பேனா இல்லை. யாரையும் நிறுத்த மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர் ஆயிற்றே. புகார் திரும்பிப் போன பிறகும் அவர் எழுதிக் கொடுத்ததை மீறவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நடப்பார். முதல் நாள் மாமிதான் ஜிம்மியோடு அவர் எதிரில் போய் நின்று, தன் பையைத் தூக்கிக் காட்டினார். அவர் திகைத்துப்போனார். பிறகு மெதுவாகத் தலையசைத்தார். நானும் காட்டினேன். பின்னால் பீகிள் நாயோடு வந்தவரும் காட்டினார். அந்தக் காலை அவர் இளநீர் வண்டியருகே போய் வெகுநேரம் முகத்தைத் திருப்பி நின்றிருந்தார். இளநீர்க்காரர், "இன்னா சார், கண்ல தூசியா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

தேசம்மா அவரைக் கண்டால் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு லைன் க்ளியர் சார்!" என்பார். அந்த ஒரு சமயம்தான் டி.டி.ஆர். வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் அவர் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மாடிப்படி ஏற முடியாது என்று திருச்சியில் இருக்கும் மகள் இருவரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் அவருக்குப் போன் செய்வேன். பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. மனைவி வாக்கரைப் பிடித்து எத்தனை அடி நடந்தார் என்று சொல்வார். அங்கே வெயில் எப்படி என்று நான் கேட்பேன். இன்னும் சாப்பிடவில்லையா மேடம் என்று அதட்டுவார். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். என் சொந்த அப்பா உயிரோடு இருந்தபோது அவருக்குக்கூட நான் இவ்வளவு ஒழுங்காகப் போன் செய்ததில்லை.